முதலாவதா, இரண்டாவதா? – பார்வை அறிவியல் படிப்பு பற்றி ஒரு தொடக்க விளக்கம்

"இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?"

கண் பரிசோதனைக்குப் போன எல்லோருக்கும் இந்தக் கேள்வி தெரியும். மூக்கின் மேல் கனமான ஒரு சட்டத்தை மாட்டி, வட்டக் கண்ணாடிகளை ஒன்று மாற்றி ஒன்று செருகி, திரும்பத் திரும்ப இதையே கேட்பார்கள். பென்னாகரம் பக்கம் ஒரு முகாமில் பாட்டி ஒருவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணாத்தான் கண்ணு இருக்குது, எதைச் சொன்னா சரி?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டார். தவறாகச் சொல்லிவிட்டால் தவறான கண்ணாடி வந்துவிடும் என்ற பயம் அவருக்கு. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நான் பார்க்கும் பாதிப் பேருக்கு இந்தப் பயம் உண்டு. ஏதோ பரிட்சைக்கு வந்தவர்களைப் போலவே நாற்காலியில் உட்காருவார்கள். பள்ளிப் பிள்ளைகள் இன்னும் ஒரு படி மேலே போய், முன்னால் போன பிள்ளை வாசித்த எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள்.

உண்மையில் "ரெண்டும் ஒண்ணு" என்பது மிக நல்ல பதில். இனி கண்ணாடியை மாற்ற வேண்டியதில்லை, அளவு கிட்டத்தட்ட வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அன்று பாட்டிக்கு இதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

ஏன் கேட்டுத்தான் அளக்க வேண்டும்? சர்க்கரையை அளக்க ஒரு சொட்டு ரத்தம் போதும், ரத்த அழுத்தத்துக்குக் கையில் ஒரு பட்டை போதும். யாரும் உங்கள் கருத்தைக் கேட்பதில்லை. பார்வை அப்படிப்பட்டதல்ல. அது பார்ப்பவருக்கு உள்ளே நடக்கும் காரியம். வெளியே இருந்து கண்ணின் வடிவத்தை அளக்கலாம், விழித்திரையைப் படம் எடுக்கலாம். ஆனால் அவருக்கு உலகம் எப்படித் தெரிகிறது என்பதை அவர் சொல்லித்தான் நாம் அறிய முடியும். அந்தப் பதிலைச் சரியாக வாங்குவது எப்படி, பதில் சொல்லத் தெரியாத குழந்தையிடம் என்ன செய்வது, சொன்ன பதிலுக்குப் பின்னால் ஒளியிலும் கண்ணிலும் மூளையிலும் என்ன நடக்கிறது என்று கற்றுத் தருவதுதான் பார்வை அறிவியல். அதை மருத்துவமனையிலும் மக்களிடமும் கொண்டுபோய்ச் செய்யும் தொழிலுக்கு ஆப்டோமெட்ரி என்று பெயர்.

பாலக்கோடு அருகே ஒரு பள்ளியில் பிளஸ் டூ மாணவர்களிடம் இதைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவியின் அப்பா எழுந்து, "கண்ணாடிக் கடையில நிக்கிறதுக்கு நாலு வருசம் படிக்கணுமா மேடம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கையில் இருக்கும் பணத்தையும் பிள்ளையின் நான்கு வருடத்தையும் கணக்குப் பார்க்கும் தகப்பன் வேறு எப்படிக் கேட்பார்? அன்று எனக்குக் கிடைத்த ஐந்து நிமிடத்தில் முழுதாகச் சொல்ல முடியவில்லை. இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கண் தொடர்பாக மூன்று விதமான ஆட்கள் இருக்கிறார்கள். கண் மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் கண் மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு படித்தவர். அறுவை சிகிச்சை அவருடைய வேலை. சட்டத்தையும் லென்சையும் பொருத்தி, மூக்குக்கும் காதுக்கும் ஏற்ப வளைத்துக் கொடுப்பவர் ஆப்டிஷியன். இந்த இருவருக்கும் நடுவில் இருப்பவர் ஆப்டோமெட்ரிஸ்ட். பார்வையை அளந்து, கண்ணாடிக்கும் கான்டாக்ட் லென்சுக்கும் அளவு எழுதி, கண்ணில் நோயின் அடையாளம் தெரிந்தால் நேரத்தோடு மருத்துவரிடம் அனுப்புபவர். நம் ஊரில் மூவரையும் "கண் டாக்டர்" என்றே கூப்பிடுவதால் நடுவில் இப்படி ஒரு படிப்பு இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

சரி, படிப்புக்குள் வருவோம். அது ஒளியில் தொடங்குகிறது.

நம் கண் முன்னிருந்து பின்வரை சுமார் 24 மில்லிமீட்டர் நீளம். முன்னால் கண்ணாடி போலத் தெளிந்த கருவிழி (கார்னியா), அதன் பின்னால் லென்ஸ். இரண்டும் சேர்ந்து ஒளியை வளைத்து, பின்சுவரில் உள்ள விழித்திரையில் குவிக்க வேண்டும். வளைக்கும் திறனை அளக்கும் அலகுதான் டயாப்டர். நாம் பேச்சு வழக்கில் "பவர்" என்கிறோமே, அதுதான். கணக்கு எளிது. 1 மீட்டர் தூரத்தில் ஒளியைக் குவிக்கும் லென்ஸ் 1 டயாப்டர், அரை மீட்டரில் குவித்தால் 2 டயாப்டர். கண்ணின் மொத்தத் திறன் ஏறக்குறைய 60 டயாப்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு கருவிழியின் வேலை, மீதிதான் லென்சுக்கு.

இந்தக் கண் 1 மில்லிமீட்டர் கூடுதலாக வளர்ந்துவிட்டால் என்ன ஆகும்? ஒளி விழித்திரைக்கு முன்பே குவிந்துவிடும். அதுதான் கிட்டப்பார்வை. அந்த 1 மில்லிமீட்டருக்கு 2.5 முதல் 3 டயாப்டர் வரை மைனஸ் பவர் வந்துவிடும். மைனஸ் 2 பவர் உள்ள பிள்ளைக்கு அரை மீட்டர் வரைதான் தெளிவு. அதற்கு அப்பால் மங்கல். புத்தகம் நன்றாகத் தெரியும், கரும்பலகை தெரியாது. "வீட்ல நல்லாத்தான் படிக்கிறா, பள்ளிக்கூடத்துலதான் கவனிக்கிறதில்ல" என்று பெற்றோர் சொல்லும்போது எனக்கு முதலில் இந்தக் கணக்குத்தான் நினைவுக்கு வரும்.

அடுத்தது 6/6. பலர் இதை மதிப்பெண் என்று நினைக்கிறார்கள். மேலே இருப்பது நீங்கள் நிற்கும் தூரம், 6 மீட்டர். கீழே இருப்பது, அதே எழுத்தைச் சராசரி நல்ல பார்வை உள்ளவர் எவ்வளவு தூரத்திலிருந்து படிப்பார் என்பது. 6/60 என்றால், மற்றவர் 60 மீட்டரிலிருந்து படிப்பதை நீங்கள் 6 மீட்டருக்கு வந்துதான் படிக்கிறீர்கள் என்று பொருள். இந்த அட்டையை 1862-ல் உருவாக்கியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஹெர்மன் ஸ்நெல்லன். 6/6 வரியில் ஓர் எழுத்தின் உயரம் சுமார் 8.7 மில்லிமீட்டர். 6 மீட்டர் தூரத்தில் நிற்கும் கண்ணுக்கு அது ஒரு டிகிரியின் 60 பாகத்தில் 5 பாகம் அளவுக்கு விரியும். எழுத்தின் ஒவ்வொரு கோடும் 1 பாகம். அந்த ஒரு பாகத்தைப் பிரித்தறிய முடிகிறதா என்பதுதான் சோதனை. எழுத்து எந்த மொழியில் இருந்தாலும் கோணம் மாறாது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசும் தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கத்தில் இது மிகவும் உதவுகிறது. படிக்கத் தெரியாதவர்களுக்கு ஆங்கில 'E' எழுத்தை நான்கு திசையிலும் திருப்பிப் போட்ட அட்டை உண்டு. விரலால் திசையைக் காட்டினால் போதும்.

ஆனால் 6/6 என்பது முழுப் பார்வை அல்ல. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கிருஷ்ணகிரியில் பெங்களூரு, சென்னை, சேலம் சாலைகள் கூடுகின்றன. இரவெல்லாம் லாரிகள் ஓடுகின்றன. கண்புரை தொடங்கிய ஓட்டுநர் ஒருவர் வெளிச்சமான அறையில், வெள்ளை அட்டையில் கறுப்பு எழுத்தை ஓரளவு நன்றாகவே படித்துவிடலாம். அவரே தொப்பூர் கணவாயில் எதிரே வரும் வண்டியின் விளக்கொளி பட்டால் சில நொடிகள் ஒன்றும் தெரியாமல் திணறலாம். காரணம், புரை ஒளியைச் சிதறடிக்கிறது. மங்கலான சாம்பல் நிறத்தில், சாம்பல் பின்னணியில் உள்ளதைப் பிரித்தறியும் திறனைத் தனியாக அளக்க வேண்டும். கண் நீர் அழுத்த நோயில் இதற்கு நேர்மாறாக நடக்கும். நடுப் பார்வை கடைசி வரை நன்றாக இருக்க, ஓரப் பார்வை சத்தமில்லாமல் சுருங்கிக்கொண்டே வரும். இப்படிப் பார்வைக்குப் பல முகங்கள் இருப்பதால்தான் நான்கு வருடம் தேவைப்படுகிறது.

பதில் சொல்லத் தெரியாத இரண்டு வயதுக் குழந்தைக்கு என்ன செய்வது? அதற்கு ரெட்டினோஸ்கோப் என்று ஒரு கருவி. பேனா டார்ச் போல இருக்கும். அதன் ஒளிக்கீற்றைக் குழந்தையின் கண்மணிக்குள் செலுத்தி இடமும் வலமும் அசைத்தால், உள்ளிருந்து ஒரு செம்மஞ்சள் ஒளி திரும்பி வரும். அது நம் அசைவோடு சேர்ந்து நகர்ந்தால் ஒரு வகை, எதிராக நகர்ந்தால் இன்னொரு வகை. லென்சுகளை மாற்றி வைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அசைவு நின்று, கண்மணி முழுவதும் ஒரே வெளிச்சமாக நிறைந்துவிடும். அந்த லென்சின் அளவில் நாம் உட்கார்ந்திருக்கும் தூரத்துக்கான கணக்கைக் கழித்தால் பவர் கையில். குழந்தை ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. இப்போது கம்ப்யூட்டர் கருவி சில நொடிகளில் சீட்டு அடித்துத் தருகிறது, அது வேலையை எளிதாக்குகிறது என்பதும் உண்மை. ஆனாலும் மின்சாரம் இல்லாத மலைக் கிராம முகாமில், அடம்பிடிக்கும் குழந்தையை அம்மாவின் மடியில் வைத்துக்கொண்டு அளவெடுக்க ரெட்டினோஸ்கோப்பை மிஞ்ச எதுவும் இல்லை. இதைக் கையாளப் பழக ஒரு மாணவிக்குப் பல மாதங்கள் ஆகும். முதல் முறை அசைவு நிற்பதைப் பார்க்கும் நாளை யாரும் மறப்பதில்லை.

இதுவரை சொன்னது கண். பார்வை கண்ணோடு முடிந்துவிடுவதில்லை, அங்கேதான் இந்தப் படிப்பின் மிக அழகான பகுதி தொடங்குகிறது.

ஒவ்வொரு விழித்திரையிலும் ஒளியை உணரும் செல்கள் சுமார் 12 கோடிக்கு மேல். ஆனால் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் இழைகள் 10 லட்சத்தை ஒட்டித்தான் இருக்கின்றன. ஆக, எல்லாவற்றையும் அப்படியே அனுப்ப வழியே இல்லை. எது ஓரம், எங்கே மாற்றம், எது நகர்கிறது என்று விழித்திரையே முதல் வடிகட்டலைச் செய்துவிடுகிறது. மிச்சத்தை மூளை கட்டியெழுப்புகிறது. அதுவும் பிறந்த நாளிலேயே தெரிந்த வித்தை அல்ல, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வது. டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இருவர் பூனைக்குட்டிகளை வைத்து இதைக் காட்டினார்கள். வளரும் பருவத்தில் ஒரு கண்ணை மூடிவைத்தால், பிறகு திறந்தாலும் மூளையின் பார்வைப் பகுதி அந்தக் கண்ணைக் கண்டுகொள்வதே இல்லை. கண்ணில் எந்தக் கோளாறும் கிடையாது. மூளை அதன் பேச்சைக் கேட்கப் பழகவில்லை. 1981-ல் இவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பூனைக்குட்டியில் பார்த்ததை நான் அஞ்செட்டிப் பக்கம் ஓர் ஏழாம் வகுப்புச் சிறுமியிடம் பார்த்தேன். வலது கண் 6/6. இடது கண்ணுக்கு அட்டையின் மேலே உள்ள பெரிய எழுத்து மட்டும்தான். பிறவியிலிருந்தே அந்தக் கண்ணில் அதிகப் பவர் இருந்திருக்கிறது, நல்ல கண் எல்லாவற்றையும் சமாளித்துக்கொண்டதால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. சரியான லென்சைப் போட்ட பிறகும் மங்கலாகத்தான் தெரிந்தது. இதைச் சோம்பேறிக் கண் என்பார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. அந்தக் கண் சோம்பல் படவில்லை, அதற்கு வாய்ப்புத் தரப்படவில்லை. நான்கைந்து வயதில் கண்டுபிடித்திருந்தால் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டி மறைத்து, மங்கிய கண்ணுக்கு வேலை கொடுத்துப் பெரும்பாலும் மீட்டிருக்கலாம். ஏழாம் வகுப்பிலும் முயற்சி செய்யலாம், செய்தோம். ஓரளவு முன்னேற்றம் வந்தது. ஒன்றாம் வகுப்பில் ஒரே ஒரு முறை, ஒவ்வொரு கண்ணாக மூடி யாராவது பார்த்திருந்தால் போதும்.

அப்படியானால் பல வருடம் பார்வையே இல்லாமல் வளர்ந்த குழந்தைக்கு அறுவை சிகிச்சையால் பார்வை கிடைத்தால், கையால் தடவி அறிந்த பொருளைக் கண்ணால் பார்த்ததும் அடையாளம் தெரியுமா? 1688-ல் வில்லியம் மாலினோ என்ற அயர்லாந்து அறிஞர் கேட்ட கேள்வி இது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் விவாதமாகவே இருந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருக்கும் பவன் சின்ஹா, இந்தியாவில் அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை கிடைக்கச் செய்யும் 'பிரகாஷ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். கட்டு அவிழ்த்த கையோடு பார்த்தபோது அந்தக் குழந்தைகளால் கண்ணையும் கையையும் பொருத்த முடியவில்லை. ஆனால் சில நாட்களிலேயே கற்றுக்கொண்டார்கள். சிகிச்சையும் தத்துவமும் ஒரே அறையில் சந்திக்கிற இப்படிப்பட்ட இடங்களை எந்தத் துறையில் காண முடியும்?

இனி நடைமுறை. பட்டப்படிப்பின் பெயர் பெரும்பாலும் பி.ஆப்டம், சில இடங்களில் பி.எஸ்சி. ஆப்டோமெட்ரி. மூன்று ஆண்டு வகுப்பு, ஓர் ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி என்பது இதுவரையான வழக்கம். முதல் ஆண்டில் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல், ஒளியியல். இரண்டாம் ஆண்டில் கண் நோய்கள், கருவிகள், பரிசோதனை முறைகள். மூன்றாம் ஆண்டில் கான்டாக்ட் லென்ஸ், குழந்தைகள் பார்வை, இரு கண்களின் ஒத்துழைப்பு, குறைபார்வை. பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு படித்திருக்க வேண்டும். கணக்குக்குப் பயந்து உயிரியலுக்கு ஓடி வந்தவர்கள் முதல் ஆண்டு ஒளியியலில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். பிளஸ் டூ இயற்பியலில் லென்ஸ் பாடத்தை ரசித்துப் படித்த பிள்ளை என்றால் தைரியமாக வரலாம்.

தமிழ்நாட்டில் பிறந்ததே இந்தப் படிப்புக்கு ஒரு வரம். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது. உலகின் பழமையான கண் மருத்துவமனைகளில் ஒன்று. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த், டாக்டர் பத்ரிநாத் 1978-ல் சென்னையில் நிறுவிய சங்கர நேத்ராலயா இரண்டையும் உலகமே அறியும். சங்கர நேத்ராலயாவின் எலைட் ஆப்டோமெட்ரி கல்லூரி 1985 முதல் நடக்கிறது. தருமபுரியில் 2008-லும் கிருஷ்ணகிரியில் 2022-லும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. அவற்றின் கண் பிரிவுக்கு ஒரு காலை போய் உட்கார்ந்து பார்த்தாலே இந்த வேலை பிடிக்குமா என்று தெரிந்துவிடும். அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கான துணை மருத்துவப் படிப்புக் கலந்தாய்வு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நடந்துவருகிறது. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் ஆப்டோமெட்ரியும் அடங்கும். விதிமுறைகள் மாறிவரும் காலம் என்பதால் சேரும் ஆண்டின் அறிவிப்பைக் கண்டிப்பாகப் படித்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. மூன்று மாதத்தில் கண் பரிசோதகர் ஆகலாம் என்று ஆசை காட்டுபவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காமல், அதோடு இணைந்த மருத்துவமனையில் தினமும் எத்தனை நோயாளிகள் வருகிறார்கள், பயிற்சி மாணவர் கையில் கருவியைக் கொடுக்கிறார்களா என்று சீனியர்களிடம் கேளுங்கள். ஆயிரம் கண்களைப் பார்க்காமல் இந்தத் தொழில் கைக்கு வராது.

படித்து முடித்தால்? கண் மருத்துவமனை முதல் வாசல். கண்ணாடிக் கடை இரண்டாவது வாசல், அதைக் குறைவாக நினைக்கத் தேவையில்லை. ஓசூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய டைட்டன் 2007-ல் கண்ணாடிக் கடைகளையும் தொடங்கியது. இன்று சிறு ஊர்களிலும் இப்படிப்பட்ட கடைகளில் ஆப்டோமெட்ரிஸ்ட் தேவைப்படுகிறார்கள். ஆனால் ஆரம்பச் சம்பளம் பல இடங்களில் சின்னதுதான் என்பதை மறைக்க மாட்டேன். முதல் இரண்டு மூன்று வருடத்தைக் கற்றுக்கொள்ளும் காலமாக எடுத்துக்கொண்டு, அப்புறம் ஏதாவது ஒரு பிரிவில் ஆழமாகப் போனவர்களே நன்றாக வந்திருக்கிறார்கள். கருவிழி கூம்பிப் போனவர்களுக்கான விசேஷ கான்டாக்ட் லென்ஸ், குழந்தைகளின் கிட்டப்பார்வை வளர்வதைத் தடுப்பது, கண்ணாடியாலும் அறுவையாலும் சரியாகாதவர்களுக்கு மிச்சமிருக்கும் பார்வையைப் பயன்படுத்தக் கற்றுத் தருவது எல்லாம் அப்படிப்பட்ட பிரிவுகள். 2050-க்குள் உலக மக்களில் பாதிப் பேருக்குக் கிட்டப்பார்வை இருக்கலாம் என்று 2016-ல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. அந்தப் பிரிவில் வேலைக்குக் குறைவு இருக்காது.

தொழிற்சாலைகளும் இருக்கின்றன. ஓசூரில் நுண்ணிய பாகங்களைப் பொருத்துபவருக்கும், வெல்டிங் செய்பவருக்கும், பர்கூர் பக்கம் கிரானைட் அறுப்பவருக்கும் வேண்டிய பார்வையும் பாதுகாப்பும் வேறு வேறு. கல் துகள் கண்ணில் பட்டு வருபவரைப் பார்க்கும்போதெல்லாம், பாதுகாப்புக் கண்ணாடியில் அவருடைய பவரையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் கழற்றி வைத்திருக்க மாட்டாரே என்று தோன்றும். அதைத் தொழிற்சாலைக்குப் போய்ச் சொல்வதும் ஆப்டோமெட்ரிஸ்டின் வேலை.

ஆராய்ச்சியில் விருப்பம் இருந்தால் எம்.ஆப்டம், பிஎச்.டி. உண்டு. சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் பாதிப்பைக் கணினி கண்டுபிடிக்கும் என்று 2016-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வில் அரவிந்த், சங்கர நேத்ராலயா நோயாளிகளின் படங்களும் இருந்தன. வெளிநாடு என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: நம் பட்டத்தை வைத்துக்கொண்டு நேராகப் போய்த் தொழில் செய்ய முடியாது. அமெரிக்காவில் பட்டப்படிப்புக்கு மேல் நான்கு ஆண்டுப் படிப்பு, ஆஸ்திரேலியாவில் தகுதித் தேர்வு என்று நாட்டுக்கு நாடு மாறும்.

பென்னாகரத்துப் பாட்டிக்கு வருகிறேன். அவர் புளி உடைத்துக் கொட்டை எடுக்கும் வேலைக்குப் போகிறவர். நார் தெரியவில்லை, கூலி குறைகிறது என்றுதான் முகாமுக்கு வந்தார். நாற்பதைத் தாண்டினால் லென்சின் நெகிழ்வு குறைந்து பக்கத்தில் உள்ளது மங்கும். வெள்ளெழுத்து என்று அழகான தமிழ்ப் பெயர். பழைய ஆட்கள் சாளேசுரம் என்பார்கள், எங்கள் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள் சத்வாரம் என்பார்கள். நாற்பது என்ற எண்ணே இரண்டிலும் ஒளிந்திருக்கிறது. அசாமில் தேயிலை பறிக்கும் தொழிலாளர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், படிக்கும் கண்ணாடி கொடுத்த பிறகு வேலைத் திறன் ஏறக்குறைய 22 சதவீதம் கூடியது. 2018-ல் அந்த முடிவு வெளியானது. உலகில் 82 கோடிக்கும் மேற்பட்டோர் இந்தச் சாதாரணக் கண்ணாடி இல்லாமல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிக்கை சொல்கிறது. பாட்டிக்குப் பிளஸ் 2.5 கொடுத்தோம். போட்டதும் அவர் முதலில் பார்த்தது தன் உள்ளங்கையைத்தான்.

பாலக்கோட்டு மாணவி போன வாரம் எங்கள் மருத்துவமனைக்கு வந்து, ஒரு நாள் கூட இருந்து பார்க்கலாமா என்று கேட்டாள். வரச் சொல்லியிருக்கிறேன். வரும்போது அப்பாவையும் அழைத்து வரும்படி சொன்னேன். அன்று பள்ளியில் நான் கொடுத்த துண்டுச்சீட்டை அவர் கையை நீட்டி, தூர வைத்துத்தான் படித்தார்.